சுவர் வாங்கிய வேலை

நேயர்களுக்கு வணக்கம். மண்வீட்டில் வளர்ந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், முதலில் உங்களோடுதான் பேச வேண்டும். ஐப்பசி மழை விட்டதும் சுவரைச் சுற்றி வருவோமே, எங்கே ஊறியிருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று? பிறகு மண் குழைப்பு, பூச்சு, சாண மெழுக்கு. மறுவருஷமும் அதே பாடு. சுவரைக் கட்டியது நாம்தான். நம்மிடம் வேலை வாங்கியது யார்? சுவர்!

இப்படிக் கேட்பதற்குத்தான் தொல்லியலில் பின்மானுடவாதம் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மனிதன் செய்கிறான், பொருள் சும்மா கிடக்கிறது என்ற நினைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள்.

துருக்கியின் கோன்யா சமவெளியில் சத்தால்ஹோயுக் என்று ஓர் ஊர். சுமார் 9,000 ஆண்டுப் பழசு. தெருவே கிடையாது. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். கூரைமேல் நடந்து, ஏணி வழியாக உள்ளே இறங்க வேண்டும். 1993 முதல் 25 ஆண்டுகள் அங்கே அகழாய்வை நடத்தியவர் இயன் ஹாடர். அந்த ஊர் ஓவியங்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்குச் சுவர்தான்.

அக்கம்பக்கத்தில் கட்டுவதற்குக் கல் இல்லை. கிடைத்தது களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நம் கரிசல் காடு கோடையில் பாளம் பாளமாக வெடிக்குமே, அதே குணம். அதில் எழுப்பிய சுவர் சாயத் தொடங்கும். சாய்ந்தால் மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். மரம் வேண்டுமென்றால் வெட்ட வேண்டும், சுமந்து வர வேண்டும், அதற்கு நாலு பேரைக் கூப்பிட வேண்டும். பிற்காலத்தில் மண்ணில் மணல் கலந்து பச்சைச் செங்கல் அறுத்தார்கள். அதற்கான மண்ணை வேறு தேடித் தோண்ட வேண்டியிருந்தது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றில் மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பிணைப்பைப் பற்றித்தான் ஹாடர் 2012இல் ஒரு நூலே எழுதினார்.

மறுபடியும் சொல்கிறேன், வேலை வாங்கியது சுவர். அகழாய்வுக் குழியில் கம்பம் நட்ட பள்ளம் தெரிந்தால், முன்பெல்லாம் "இங்கே தூண் இருந்தது" என்று எழுதிவிட்டு நகர்வோம். இப்போது, அந்தத் தூணைக் கேட்டது எது என்று நின்று பார்க்கிறோம்.

மணி ஆகிவிட்டது. அந்த வீடுகளில் அழைக்காமலே குடியேறிய சுண்டெலிகளைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். பொருளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் பாடுபட்டவர்கள் மறைந்துவிட மாட்டார்களா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சுவர் கேட்டதைக் கணக்கெடுக்கப் போனால் சுமந்தவரிடம்தான் வந்து நிற்கிறோம். பிற்காலத்து மக்கள் முன்னவர்களைவிட அதிகம் நடந்திருக்கிறார்கள் என்று அங்கே கிடைத்த கால் எலும்புகள் காட்டுகின்றன. வணக்கம்.