பிளஸ் ஈக்குவல் போட்டா ஜாவாஸ்கிரிப்ட் உண்மையில ஒட்டுறதே இல்ல!

வெப்சைட்டுக்கு கோட் எழுதுற ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு லூப், அதாவது ஒரே வேலைய திரும்ப திரும்ப செய்ற கோட். 1 லட்சம் தடவ ஓடுது, ஒவ்வொரு தடவையும் 10 எழுத்த பிளஸ் ஈக்குவல் (+=, இருக்குறதோட வாலுல புதுச சேக்குற குறி) போட்டு ஒட்டுறோம். கடைசில கைக்கு வர்றது 10 லட்சம் எழுத்துதான். ஆனா நேர்வழில, அதாவது ஒவ்வொரு தடவையும் பழசு மொத்தத்தையும் காப்பி அடிச்சு செஞ்சா, மெஷின் காப்பி அடிக்க வேண்டியது 5000 கோடி எழுத்து! நம்பலன்னா கால்குலேட்டர்ல போட்டு பாருங்க, நான் இங்கதான் இருக்கேன்.

இப்ப அதே கோட க்ரோம்ல ஓட்டுங்க. கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். அப்ப அந்த 5000 கோடி எங்க போச்சு?

பேக்ரவுண்ட் ஒரே வரி: ஜாவாஸ்கிரிப்ட்ல ஸ்ட்ரிங்க (வரிசையா கோத்த எழுத்துங்க) உருவாக்கிட்டா அப்புறம் மாத்த முடியாது, ஒட்டணும்னா புதுசா ஒண்ணு செய்யணும். அவ்ளோதான், வாங்க கல்யாண மண்டபத்துக்கு போவோம்.

வாசல்ல மாமா மொய் எழுதுறாரு. ஆனா மனுஷனுக்கு ஒரு விநோத விரதம், எழுதின நோட்டுல மறுபடி பேனா வைக்க மாட்டாரு. "மேலத்தெரு முருகேசன் 501"னு சேக்கணுமா, புது நோட்டு எடுத்து பழைய பேர் எல்லாத்தையும் பாத்து எழுதிட்டு கடைசில முருகேசன எழுதுவாரு. அடுத்து செல்வி அக்கா 1001, மறுபடி புது நோட்டு, மறுபடி முதல் பேர்ல இருந்து! 300 பேர் வந்தா மாமாவுக்கு பந்தியில எல இல்ல, அடுத்த முகூர்த்தமே வந்துரும்.

க்ரோமுக்குள்ள இருந்து ஜாவாஸ்கிரிப்ட ஓட்டுற வி8 எஞ்சின் கெட்டிக்கார மாமா. ஒரு துண்டு சீட்டுல "முதல்ல அந்த நோட்ட பாரு, அப்புறம் இந்த வரிய பாரு"ன்னு கிறுக்கிட்டு அடுத்த ஆள கூப்பிடுவாரு. அடுத்த சீட்டுல, "முதல்ல அந்த சீட்ட பாரு, அப்புறம் இத பாரு". இந்த சீட்டுக்கு பேர் கான்ஸ் ஸ்ட்ரிங், ஐடியாவுக்கு பேர் ரோப். 1995லயே போம், அட்கின்சன், பிளாஸ்னு மூணு பேர் இத பத்தி பேப்பர் எழுதிட்டாங்க, ஃபயர்ஃபாக்ஸும் இப்படித்தான் பண்ணுது.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது 13ங்கிற நம்பர். ஒட்டின பிறகு மொத்தம் 13 எழுத்துக்கு கம்மின்னா வி8 சீட்டே போடாது, நேரா காப்பிதான். ஏன்னா சீட்டுக்கும் மெமரில இடம் வேணும்ல, ரெண்டு எழுத்துக்கு ஒரு சீட்டுன்னா சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

சரி, இப்ப பொண்ணோட அப்பா வந்து "57வது யாருப்பா?"ன்னு கேக்குறாரு. சீட்ட வச்சு எப்படி சொல்றது? மாமா உக்காந்து எல்லாத்தையும் ஒரே நோட்டுல வரிசையா எழுதிடுவாரு. இதுதான் பிளாட்டன். ஒரு தடவ எழுதிட்டா பழைய சீட்ட அடிச்சிட்டு "நோட்ட பாரு"ன்னு மட்டும் எழுதி வச்சுப்பாரு, மறுபடி கேட்டா டக்குன்னு பதில் வரும்.

நான் மாட்டினது இங்கதான். ஒரு லாக் ஃபைல் (புரோகிராம் என்ன பண்ணுச்சுன்னு குறிச்சு வைக்கிற ஃபைல்) தயார் பண்ற கோட், ஒட்டுற ஒவ்வொரு தடவையும் கடைசி எழுத்து கமாவான்னு எட்டி பாத்தேன். சின்ன செக்தானே! ஆனா ஒரு ஆள் மொய் வச்சதும் ஒரு தடவ அப்பா வந்து கேள்வி கேக்குற மாதிரி, ஒவ்வொரு தடவையும் முழு நோட்டு. அந்த 5000 கோடி திரும்பி வந்துருச்சு. நானும் பிளஸ் ஈக்குவல்தான் வில்லன்னு நினைச்சு துண்டுகள அர்ரேல (ஒரு லிஸ்ட்ல) போட்டு கடைசில மொத்தமா ஜாயின் பண்ண கிளம்பிட்டேன், பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்து வைத்தியம் அது. கடைசில கமா செக்க ஒட்டப்போற குட்டி துண்டுலயே பண்ணேன், முடிஞ்சது.

இன்னொண்ணு, வேணும்னே பிளாட்டன் பண்ண வைக்கறதுக்குன்னு ஃபிளாட்ஸ்ட்ர்னு ஒரு பேக்கேஜ், ரெடிமேட் ஜாவாஸ்கிரிப்ட் கோட் கிடைக்கிற என்பிஎம்ல இருக்கு. அது செய்றது என்னன்னா, ஸ்ட்ரிங்க நம்பரா மாத்த சொல்லும், வர்ற நம்பர தூக்கி குப்பைல போட்டுரும். நம்பரா மாத்தணும்னா நோட்டு வரிசையா இருக்கணுமே, அதுக்காக! உங்க கோட்ல லூப்புக்குள்ள எங்கயாவது எட்டி பாக்குறீங்களா, தேடி பாத்துட்டு கமெண்ட்ல வந்து ஒத்துக்குங்க, நான் மட்டும் ஏன் அசிங்கப்படணும்.