அடித்துவிட்ட விடை

நடுவர் அவர்களே, "படிக்கிற பிள்ளையை இன்றைய வகுப்பறை வளர்க்கிறதா, வாட்டுகிறதா?" என்பது தலைப்பு. வாட்டுகிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் கேட்டார்: "முதல் ரேங்க் பிள்ளைக்கு என்ன குறை? ஆண்டு விழாவில் கோப்பை, பள்ளி வாசலில் பேனர். வாடுவது கடைசி பெஞ்சுப் பிள்ளைதானே?" கடைசி பெஞ்சுப் பிள்ளை வாடுவதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அண்ணே, பேனரில் சிரிக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து அழுவதை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அவள் என் மகள்.

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. மாமனார் வெள்ளென எழுந்து ரப்பர் பால் வெட்டுவார். சிரட்டையில் சேர்ந்த பாலை அரித்துத் தட்டில் ஊற்றி, தண்ணீர் கலந்த ஆசிட்டைச் சேர்ப்பார். மறுநாள் அது கட்டியாகிக் கிடக்கும். எட்டாம் வகுப்பில் அமிலப் பாடம் நடந்த அன்று இவள் எழுந்து, "ஆசிட் ஊத்தினா ரப்பர் பால் ஏன் டீச்சர் கட்டியாகுது?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது பரீட்சைக்கு வராது, உட்காரு."

வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவளுக்கு 'சயின்டிஸ்ட்' என்று பெயர். போதாததற்கு அவளையே லீடராக்கி, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொன்னார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் அவளைக் காட்டிக்கொடுக்கிறவளாக்க இதைவிட வேறென்ன வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

அரையாண்டுக் கணக்கு விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மார்க் கேள்வி ஒன்றுக்குச் சரியான விடையை எழுதி, ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தாள். "ஏன் மக்கா அடிச்சே?" என்றேன். "ஃபர்ஸ்ட் வரலன்னா என்னையும் விளையாடக் கூப்பிடுவாங்கம்மா."

2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அந்த மண்ணில்தான் ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்த விடையை ஒளிக்கிறாள்.

டீச்சரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டும். மார்க்குக்காக 11ஆம் வகுப்புப் பாடத்தையே விட்டுவிட்டு 12க்குத் தாவிய பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தானே 2017-18இல் 11க்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்? மார்க்குக்கு உதவாத பாடத்துக்கே அந்தக் கதி என்றால், பாடத்தில் இல்லாத கேள்விக்கு யார் நேரம் ஒதுக்குவார்?

ஆனால் பதில் சின்னதுதான் ஐயா. ரப்பர் பாலில் மிதக்கும் துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நெகட்டிவ் மின்சுமை இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. அமிலம் அந்தச் சுமையைப் போக்கிவிடும். துகள்கள் ஒட்டிக் கட்டியாகும். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தேடிப் படித்து இதை மகளிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ பசும்பால்ல எலுமிச்சை பிழிஞ்சா திரியுறதும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டாள். நாளைக்கு வகுப்பில் கேளேன் என்றேன்.

"வேண்டாம்மா" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

வளர்க்கிற வகுப்பறை என்றால் அவள் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே? நன்றி, வணக்கம்.