பள்ளிக் கட்டட நிதி: யார் முதலில், யார் காத்திருப்பது?

[திரையில்: அருகருகே இரண்டு பள்ளிக் கட்டடங்கள்]

வணக்கம். ஒரு பள்ளியின் கூரை ஒழுகுகிறது. இன்னொரு பள்ளியில் இடம் போதாமல் இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் நடக்கின்றன. இந்த ஆண்டுக்கான பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், எந்தப் பள்ளி காத்திருக்க வேண்டும்?

செலவில் ஒரு பங்கை உள்ளூரிலேயே திரட்டினால் மீதியை அரசு தரும் என்னும் விதி கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தப் பங்கைப் புரட்ட முடியாத பகுதியில்தான் கட்டடங்கள் பெரும்பாலும் அதிகம் பழுதடைந்திருக்கும் என்பதால், தேவை மிகுந்த இடத்திலேயே கதவு அடைபடுகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான பணம் அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின், அதாவது பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதியின், வரிக்குரிய சொத்து மதிப்பைப் பெரிதும் சார்ந்திருந்தது. அந்த முறை மாநில அரசமைப்புக்கு முரணானது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. 1998இல் வந்த சட்டம், கட்டடங்களுக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்து, அதை எட்டுவதற்கான நிதியை மாநிலமே வழங்க வழி செய்தது.

[திரையில்: ஆய்வுப் படிவம் ஒன்று நிரப்பப்படுகிறது]

தரம் வரையறுக்கப்பட்ட பின், எல்லாக் கட்டடங்களையும் ஒரே படிவத்தின்படி பொறியாளர்கள் ஆய்வு செய்ய வேண்டும். விண்ணப்பித்த பள்ளிகளை மட்டும் பார்ப்பது போதாது. விண்ணப்பம் எழுத ஆளில்லாத பள்ளி கணக்கிலேயே வராமல் போய்விடும். கூரையின் விரிசலைப் பொறியாளர் அளந்துவிடலாம். ஆனால் பள்ளிகளை வரிசைப்படுத்திப் பட்டியலிட, விரிசலுக்கு எத்தனை மதிப்பெண், இடநெருக்கடிக்கு எத்தனை என்பது பொறியியல் கேள்வி அன்று. எந்தத் துன்பத்தை முதலில் நீக்குவது என்று ஒரு சமூகம் எடுக்கும் முடிவு. ஆகவேதான் அந்த மதிப்பெண் முறை, பட்டியல் தயாராவதற்கு முன்பே எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். பட்டியல் வந்த பிறகு விதியை எழுதினால், வேண்டியவருக்கு ஏற்ப அதை வளைத்துவிட முடியும்.

நிதியை நிறுத்தும்போதும் இதே பொறுப்பு உண்டு. இங்கிலாந்தில் 2004இல் தொடங்கிய பெரும் பள்ளிக் கட்டுமானத் திட்டம் 2010 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது, பாதிக்கப்படும் பள்ளிகளின் பட்டியலிலேயே பிழைகள் இருந்தன; கல்வி அமைச்சர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆறு உள்ளாட்சி மன்றங்கள் தொடுத்த வழக்கில், அவற்றைக் கலந்தாலோசிக்காமல் முடிவெடுத்தது சட்டத்துக்குப் புறம்பானது என 2011இல் உயர் நீதிமன்றம் கூறியது.

[திரையில்: ஒரு கடிதம்]

நிதி கிடைக்காத பள்ளிக்கு “பரிசீலிக்க இயலவில்லை” என்ற ஒற்றை வரி போய்ச் சேரக் கூடாது. அந்தப் பள்ளி பெற்ற மதிப்பெண், பட்டியலில் அதன் இடம், அதற்கு முன்னால் நிற்கும் பள்ளிகளின் மதிப்பெண், அளவீட்டில் தவறிருந்தால் எந்தத் தேதிக்குள் யாரிடம் முறையிடலாம் என்பது ஆகிய நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.