டிஜோன்: குனிந்து பார்க்க வேண்டிய சிற்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் டிஜோன். கடுகுக்குப் பேர்போன இந்த ஊர்தான் ஒரு காலத்தில் பர்கண்டிப் பிரபுக்களின் தலைநகர்.

நாள் குறிக்கும்போது செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று நுண்கலை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் நிரந்தரக் காட்சியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அது இருப்பதே பிரபுக்களின் பழைய அரண்மனையில்தான். ஓவியங்கள் பிறகு ஆகட்டும், முதலில் கல்லறைக் கூடத்துக்குப் போங்கள்.

1404இல் இறந்த பிரபு பிலிப்பின் கல்லறை அங்கே இருக்கிறது. கிளாஸ் ஸ்லூட்டர் செதுக்கிவந்த வேலையை, அவர் காலமானபின் உறவினர் கிளாஸ் டி வெர்வ் 1410இல் முடித்தார். எல்லோர் கண்ணும் மேலே படுத்திருக்கும் பிரபுமீதுதான் போகும். அந்த உருவமோ பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உடைபட்டு, 19ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி புதிதாகச் செய்யப்பட்டது. அசல் வேலைப்பாடு கீழே இருக்கிறது. சிறு வளைவுகளுக்குள் அலபாஸ்டர் என்னும் மென்மையான வெண்கல்லில் சுமார் 40 சென்டிமீட்டர் உயர உருவங்கள், இழவு ஊர்வலமாக நடக்கின்றன. ஒருவர் அங்கியால் கண்ணைத் துடைக்கிறார். இன்னொருவரின் முகத்தை முக்காடு முழுதாக மூடியிருக்கிறது, துணியின் மடிப்பே அழுகிறது. நின்றபடி பார்த்தால் இவை எதுவும் பிடிபடாது. குனிந்து, கல்லறையைச் சுற்றி மெதுவாக வாருங்கள்.

இந்தக் கல்லறை முதலில் இருந்தது ஊரின் மேற்கே, ஷாம்மோல் மடாலயத்தில். இன்று அது மனநல மருத்துவமனை வளாகம். ஸ்லூட்டரின் 'மோசேயின் கிணறு' என்ற சிற்பத் தொகுதி இன்னும் அங்கேயே நிற்கிறது. மேலிருந்த சிலுவை போய்விட்டது. மோசே உட்பட ஆறு பைபிள் தீர்க்கதரிசிகளின் உருவங்கள் மிஞ்சியிருக்கின்றன. மோசேயின் தலையில் கொம்புகளைக் கண்டு திகைக்க வேண்டாம். எபிரேய மூலத்தில் ஒளிக்கதிரையும் கொம்பையும் குறிக்கும் ஒரே சொல்லை, லத்தீன் பைபிள் 'கொம்பு' என்று எடுத்துக்கொண்டது. பார்வை நேரம் குறைவு என்பதால், சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. மாலைக்குத் தள்ளிவைப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

அரண்மனைக் கோபுரத்துக்கு 316 படிகள். குழுவாக, குறித்த நேரத்தில்தான் ஏற்றுகிறார்கள். காலையிலேயே சீட்டு வாங்கிவிடுங்கள். முட்டி வலிக்காரர்கள் இதை விட்டுவிட்டு நோத்ர் தாம் தேவாலயத்துக்குப் போகலாம். அதன் முகப்பில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கல் விலங்குகள் வெறும் அலங்காரம். எவ்வளவு மழை பெய்தாலும் அவற்றின் வாயிலிருந்து ஒரு சொட்டு நீர் கொட்டாது. வடக்குச் சுவரில் ஓர் ஆந்தைச் சிற்பம் உண்டு. இடது கையால் தடவி வேண்டிக்கொள்வது ஊர் வழக்கம். தடவித் தடவி அதன் முகமே மழுங்கிவிட்டது.