ரோசெட் நெபுலா: மூணு ஃபில்டர்ல எடுக்கும்போது நேரத்தை எங்க செலவழிக்கணும்

வணக்கம். திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கால ஏறக்குறைய 10 டிகிரி தள்ளிப் பார்த்தீங்கன்னா ரோசெட் நெபுலா, ஒளிர்ற வாயு மேகம். ஜனவரி, பிப்ரவரியில நம்ம ஊர்ல கிட்டத்தட்ட தலைக்கு நேரா வரும். முழு நிலாவை விட ரெண்டு மடங்குக்கு மேல அகலம், அதனால பெரிய டெலஸ்கோப் தேவையில்ல. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ், 480 மில்லிமீட்டர் ஃபோகல் லெங்த் (அதாவது எஃப் 6), கூலிங் உள்ள மோனோ (கறுப்பு வெள்ளை) கேமரா, ஃபில்டரை மாத்தற ஃபில்டர் வீல், நட்சத்திரம் நகராமப் பின்தொடர கைடிங். இவ்வளவு போதும்.

மூணு ஃபில்டரும் ஒவ்வொரு வாயு விடற ஒளியை மட்டும் உள்ள விடும். எச்-ஆல்ஃபா 656 நானோமீட்டர் அலைநீளம், அது ஹைட்ரஜன். ஓ-த்ரீ 501, ரெண்டு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன். எஸ்-டூ 672, ஒரு எலக்ட்ரானை இழந்த கந்தகம். இதுல ஹைட்ரஜனும் கந்தகமும் ரெண்டுமே சிவப்பு. இயல்பான நிறத்துல போட்டா எது எதுன்னே பிரிக்க முடியாது. அதனாலதான் கந்தகத்தைச் சிவப்புக்கும், ஹைட்ரஜனைப் பச்சைக்கும், ஆக்சிஜனை நீலத்துக்கும் கொடுக்கறோம். 1995ல ஹப்பிள் எடுத்த கழுகு நெபுலா தூண்கள் படத்துலயும் இதே முறைதான். இதைப் பொய்க் கலர்னு ஒதுக்கறது எனக்குச் சரியாப் படல. ஆக்சிஜன்ல ரெண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 35 எலக்ட்ரான் வோல்ட் வேணும், அந்த சக்தி நடுவுல இருக்கற சூடான ஓ வகை நட்சத்திரங்கள் பக்கத்துலதான் நிறைய கிடைக்கும். அதனால நீலம் நடுவுல. கந்தகம் வெளி ஓரத்துல. படத்துல நீங்க பார்க்கறது, வாயு எங்க எவ்வளவு எலக்ட்ரானை இழந்திருக்குங்கறதோட வரைபடம்.

இப்ப நேரக் கணக்கு. பலரும் மூணு ஃபில்டருக்கும் சமமா நேரம் கொடுத்துடறாங்க. எச்-ஆல்ஃபா ரொம்ப பிரகாசம், ரெண்டு மணி நேரத்துலயே சுத்தமா வந்துடும். எஸ்-டூ மங்கல். ஒவ்வொரு எக்ஸ்போஷரும் 300 நொடி வச்சு, எச்-ஆல்ஃபா 24, ஓ-த்ரீ 36, எஸ்-டூ 48 எடுங்க. எஸ்-டூவுல கஞ்சத்தனம் பண்ணினா, பிராசஸிங்ல அதை இழுத்து ஏத்தும்போது சிவப்பு முழுக்க நாய்ஸாதான் வரும்.

நிலா இருக்கற ராத்திரியில எச்-ஆல்ஃபாவும் எஸ்-டூவும் எடுத்துக்கலாம். ஓ-த்ரீக்கு மட்டும் நிலா இல்லாத நேரம், நெபுலா உச்சியில இருக்கற நேரம். நிலா வெளிச்சம் சிதறும்போது 501 பக்கம்தான் அதிகம் பாதிக்கும்.

ஃபில்டர் மாத்தும்போதெல்லாம் ஃபோகஸ் பாருங்க. எஃப் 6ல ஃபோகஸுக்கு இருக்கற இடம் பத்துல ஒரு மில்லிமீட்டர் அளவுதான். 2 மில்லிமீட்டர் தடிமன் ஃபில்டரையும் 3 மில்லிமீட்டர் ஃபில்டரையும் கலந்து போட்டீங்கன்னா, ஃபோகஸ் மூணுல ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துடும். மூணையும் ஒரே செட்டா வாங்கறது நல்லது. இன்னொண்ணு, எஃப் 2 மாதிரி வேகமான டெலஸ்கோப்ல சாதாரண 3 நானோமீட்டர் ஃபில்டர் (3 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒளியை விடறது) போடாதீங்க. சாய்வா வர்ற ஒளிக்கு ஃபில்டரோட அலைவரிசை நீலப் பக்கம் நகரும், நெபுலா சிக்னலே வெளிய போயிடும்.

ஃப்ளாட், அதாவது தூசி நிழலைச் சரிசெய்ய சமமான வெளிச்சத்துல எடுக்கற படம், ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனியா 30 எடுக்கணும், ஏன்னா ஒவ்வொண்ணு மேலயும் தூசி வேற வேற இடத்துல இருக்கும். எடுத்து முடிக்கற வரைக்கும் கேமராவைச் சுத்தக் கூடாது, ஃபோகஸையும் பெருசா நகர்த்தக் கூடாது. டார்க், அதாவது மூடி போட்டு எடுக்கற படம், நெபுலாவை எடுத்த அதே 300 நொடி, அதே வெப்பநிலை.

சிரில், இந்தப் படங்களைச் சேர்த்துச் சீராக்கற இலவச மென்பொருள். மூணு ஃபில்டர் படங்களையும் தனித்தனியா ஸ்டாக் பண்ணி (ஒண்ணு மேல ஒண்ணா சேர்த்து), எச்-ஆல்ஃபாவை அடிப்படையா வச்சு ஒண்ணா பொருத்துங்க. ஸ்ட்ரெச் பண்றதுக்கு (மங்கலா இருக்கறதைப் பிரகாசமாக்கறதுக்கு) முன்னாடி மத்த ரெண்டையும் லீனியர் மேட்ச்ல அதோட அளவுக்குக் கொண்டு வாங்க, இல்லன்னா படம் முழுக்க பச்சையா இருக்கும். அப்படி ஏத்தினதால நட்சத்திரங்கள் மெஜந்தாவா மாறும். இதுக்கு நட்சத்திரங்களை ஸ்டார்நெட்ங்கற மென்பொருள்ல பிரிச்சு எடுத்துட்டு, சாதாரண சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்ல 30 நொடி வீதம் தலைக்கு 20 படம் எடுத்து, அந்த நட்சத்திரங்களை மேல சேர்த்துடுங்க.