தடுப்பூசி அட்டை எங்கே?

வணக்கம். பெரம்பூரில் சின்னதாக ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். சேர்க்க வரும் பெற்றோரிடம் கட்டணத்தைச் சொல்வதற்கு முன்பே, "தடுப்பூசி அட்டை கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிடுவேன். சிலருக்கு முகம் சுருங்கும். ஓர் அப்பா நேராகவே கேட்டார்: "இது என்ன சட்டமா மேடம்?"

சட்டம் இல்லைதான். தடுப்பூசி போட்டால்தான் பள்ளியில் இடம் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் கிடையாது. கலிபோர்னியாவில் இருக்கிறது; "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று சொல்லி விலகும் வழியையும் 2016-இல் அடைத்துவிட்டார்கள். இங்கே பள்ளிகளும் காப்பகங்களும் தாங்களாகக் கேட்டால்தான் உண்டு. நான் ஏன் கேட்கிறேன் என்று வாயால் விளக்காமல், அவரை உள்ளறைக்குக் கூட்டிப் போனேன்.

நாலு தொட்டில். மூன்றாவதில் ஆறரை மாதக் குழந்தை, ரப்பர் வாத்தை எச்சில் ஒழுகக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் அம்மாவுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் நிறைந்த பிறகுதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தியோ அதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிடும். நடுவில் இரண்டரை மாதம் அந்தக் குழந்தைக்குச் சொந்தக் காவல் இல்லை. "உங்க பையனுக்கு ரெண்டு வயசு சார். அவன் போட்டுக்கிட்டாதான் இதுக்குப் பாதுகாப்பு" என்றேன்.

தட்டம்மையை, அதாவது மணல்வாரியை, லேசாக நினைக்கிறோம். அது இருமலில் பரவும். இருமியவர் போன பிறகும் 2 மணி நேரம் வரை அறைக் காற்றில் நிற்கும். தடுப்பு சக்தி இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்கு வரும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றும். அப்போது அது வெறும் சளி, காய்ச்சல்தான். வாசலில் வேப்பிலை செருகுவதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். வெளியாள் உள்ளே வராமல் இருக்க அது நல்ல அடையாளம்தான். ஆனால் வேப்பிலை ஏறுவதற்குள் அந்த நாலு நாள் போய்விடுமே.

நான் பார்க்கும் அட்டைகளில் மேல் பாதி நிறைந்திருக்கும். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம் என்று தேதிகள் நெருக்கமாக இருக்கும். முதல் பிறந்தநாள் கேக் வெட்டியதோடு சரி, கீழே வெறும் கட்டங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை; தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு பூஸ்டர். 5 வயதுக்கு மேல் இன்னொரு பூஸ்டர். தவறுவது பெரும்பாலும் இவைதான்.

அட்டையே இல்லாதவர்களும் உண்டு. பிரசவம் அம்மா வீட்டில், அட்டை பாட்டியின் பீரோவில். போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், போதும். தொலைந்தே போய், தட்டம்மை ஊசி போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இன்னொரு முறை போடுவதால் கெடுதல் இல்லை. மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் இலவசமாகப் போடுகிறார்கள்.

சின்னம்மை ஊசியும், தட்டம்மை-ரூபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியும் அரசு அட்டவணையில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். முடிந்தவர்கள் போடட்டும். அவை இல்லை என்று நான் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

அந்த அப்பா அடுத்த புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தார். மறுநாள் காலை போன்: "தொடை கொஞ்சம் வீங்கியிருக்கு மேடம், லேசா காய்ச்சலும். இன்னிக்கு அனுப்பலாமா?"

வீட்டிலேயே இருக்கட்டும், காய்ச்சல் விட்டதும் கூட்டி வாருங்கள், அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள் என்றேன்.

நன்றி, வணக்கம்.