502 வந்தா லாக்ல இருக்கிற எண்ணைப் பாருங்க: என்ஜின்எக்ஸும் பிஎச்பி-எஃப்பிஎம்மும்

[திரை: வெள்ளைப் பக்கம், நடுவில் "502 பேட் கேட்வே"]

உபுண்டு 22.04 சர்வரை 24.04-க்கு அப்கிரேடு பண்ணியாச்சு. ரீபூட் ஆனதும் சைட்ல இதுதான் வருது. படம், சிஎஸ்எஸ் ஃபைலை நேரா கூப்பிட்டா வந்துடுது, பிஎச்பி பக்கம் மட்டும் வரல. அப்போ வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் நல்லாதான் ஓடுது. பிஎச்பி கோடை ஓட்டுற பிஎச்பி-எஃப்பிஎம்கிட்ட அதால பேச முடியல, அவ்வளவுதான்.

இந்த இடத்துல டைம்அவுட்டை ஏத்தாதீங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 60 செகண்ட் காத்திருந்து பதில் வராம போனா வர்றது 504. அது வேற கதை.

[திரை: டெர்மினல், என்ஜின்எக்ஸ் எர்ரர் லாக்கின் கடைசி வரிகள்]

சூடோ போட்டு எர்ரர் லாக்கை டெயில் பண்ணுங்க. பிரவுசர்ல ஒரு தடவை ரீஃப்ரெஷ் அடிங்க. கனெக்ட் ஆகலைன்னு ஒரு வரி விழும். அதுல அடைப்புக்குறிக்குள்ள ஒரு எண் இருக்கு பாருங்க, அது லினக்ஸ் கெர்னல் சொல்ற காரணம்.

[திரை: எண் 2 பெரிதாகத் தெரிகிறது]

2-ன்னா என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் பேசிக்கிற சாக்கெட் ஃபைலே அங்க இல்ல. நம்ம கேஸ் இதுதான். 22.04-ல பிஎச்பி 8.1, 24.04-ல 8.3. சாக்கெட் ஃபைலோட பேர்லயே வெர்ஷன் எண் இருக்கு. ரன் ஃபோல்டர்ல பிஎச்பி-ங்கிற ஃபோல்டரைத் திறந்தா 8.3 சாக்கெட் இருக்கும். சைட் கான்ஃபிக்ல எஃப்பிஎம் எங்க இருக்குன்னு சொல்ற ஃபாஸ்ட்சிஜிஐ பாஸ் வரி இன்னும் 8.1-ஐத் தேடிட்டிருக்கும். அந்த எண்ணை மாத்துங்க, "என்ஜின்எக்ஸ் மைனஸ் டி" ஓட்டி எழுத்துப்பிழை இல்லைன்னு பார்த்துட்டு ரீலோடு பண்ணுங்க.

13-ன்னா ஃபைல் இருக்கு, திறக்க அனுமதி இல்ல. என்ஜின்எக்ஸ் தளத்தோட சொந்த பேக்கேஜைப் போட்டவங்களுக்கு இது அடிக்கடி வரும். அது "என்ஜின்எக்ஸ்"ங்கிற யூசரா ஓடும், எஃப்பிஎம் சாக்கெட்டோ "டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா"வுக்குச் சொந்தம், மோடு 0660, அதாவது சொந்தக்காரரும் அந்த குரூப்பும் மட்டும்தான் திறக்கலாம். எஃப்பிஎம்மோட செட்டிங்ஸ் இருக்கிற பூல் ஃபைல்ல லிசன் குரூப்பை என்ஜின்எக்ஸ் ஓடுற குரூப்புக்கு மாத்தி எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் பண்ணுங்க. 0666 வெச்சுத் தப்பிக்காதீங்க, சர்வர்ல இருக்கிற எந்த யூசரும் அந்த சாக்கெட்டுக்குள்ள எழுதலாம்னு ஆயிடும்.

111-ன்னா அந்தப் பக்கம் கேட்க ஆளே இல்ல, எஃப்பிஎம் சர்வீஸ் நின்னுபோச்சு. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார்த்தா ஏன்னு தெரியும்.

11 வந்தா கியூ நிரம்பிடுச்சு. எஃப்பிஎம் லாக்ல "மேக்ஸ் சில்ட்ரன்", அதாவது ஒரே நேரத்துல ஓடக்கூடிய எஃப்பிஎம் பிராசஸ் எண்ணிக்கை, அதோட எல்லையைத் தொட்டுட்டோம்னு எச்சரிக்கை இருக்கும். உபுண்டுல அதோட ஆரம்ப மதிப்பு வெறும் 5. எவ்வளவு ஏத்தலாம்? ஒரு எஃப்பிஎம் பிராசஸ் 60 எம்பி எடுக்குது, பிஎச்பிக்கு 1200 எம்பி ஒதுக்க முடியும்னா 20. கணக்குப் பார்க்காம 100 போட்டா மெமரி தீர்ந்து, கெர்னல் டேட்டாபேஸையே கொன்னுடும்.

[திரை: இரண்டு ஃபோல்டர்கள், 8.1-ம் 8.3-ம்]

502 போயிடுச்சு, ஆனா 20 எம்பி ஃபைல் அப்லோடு ஆகல. நீங்க முன்னாடி மாத்தின பிஎச்பி டாட் ஐஎன்ஐ, அதாவது பிஎச்பியோட செட்டிங்ஸ் ஃபைல், 8.1 ஃபோல்டர்லயே தங்கிடுச்சு. 8.3-ல அப்லோடு மேக்ஸ் ஃபைல்சைஸ் மறுபடி 2 எம்பி, போஸ்ட் மேக்ஸ் சைஸ் 8 எம்பி. முதலாவதை 20 எம்பி, ரெண்டாவதை 24 எம்பி ஆக்குங்க. என்ஜின்எக்ஸ்லயும் கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் 24 எம்பி இருக்கணும். அது எங்கயும் எழுதலைன்னா 1 எம்பி தாண்டினதும் ரொம்பப் பெரிசுன்னு 413 எர்ரர் வரும்.

மாத்த வேண்டியது எஃப்பிஎம் ஃபோல்டர்ல இருக்கிற ஐஎன்ஐ. சிஎல்ஐ ஃபோல்டர்லயும் அதே பேர்ல ஒண்ணு இருக்கு, டெர்மினல்ல பிஎச்பி ஓட்டினா அதைத்தான் படிக்கும். அதனால டெர்மினல்ல சரிபார்த்து ஏமாறாதீங்க. எஃப்பிஎம்மையும் என்ஜின்எக்ஸையும் ரீலோடு பண்ணிட்டு, பிஎச்பி செட்டிங்ஸைக் காட்டுற பிஎச்பிஇன்ஃபோ ஃபைலை பிரவுசர்ல திறந்து, எந்த ஐஎன்ஐ லோடு ஆகியிருக்குங்கிற வரியைப் பாருங்க. பார்த்ததும் அந்த ஃபைலை அழிச்சிடுங்க.